ஒற்றைக் கொம்பு

போன மாதம் கீர்த்தனா போன் செய்தாள். நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது நூலகராக இருக்கும் பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்த மூன்றாவது ஆள். பழைய நூலக மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குகிறார்களாம். அதையொட்டிப் பள்ளி மலருக்கு நான் நாலு பக்கம் எழுதித் தரவேண்டுமாம்.

"இந்தப் பக்கத்துலயே மொதல்ல பார்கோடு போட்டது நீங்கதானே சார். அந்த அனுபவத்த எழுதுங்க. பசங்களுக்கு நல்லா இருக்கும்" என்றாள்.

சரி என்று வாய் சொல்லிவிட்டது. எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அவள் கேட்டதை என்னால் எழுத முடியாது. எனக்கு வருவது இதுதான். இது மலரில் வராது, வரவும் வேண்டாம்.

எனக்குச் சொந்த ஊர் பழவேற்காடு. வீட்டில் எல்லோரும் இறால், கருவாடு வியாபாரம். எனக்கு அந்த வாடை ஆகவில்லை. நூலக அறிவியலில் ஒரு சான்றிதழ் படித்து, நாலைந்து இடத்தில் விண்ணப்பம் போட்டு, கும்மிடிப்பூண்டிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில் இருந்த அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நூலகராகச் சேர்ந்தேன். வாத்தியார் வேலை கிடைக்காதவன்தான் நூலகர் ஆவான் என்று அங்கே ஒரு எண்ணம் உண்டு. என் விஷயத்தில் அது உண்மையும்கூட.

அந்தப் பள்ளியில் தமிழ் வழி, ஆங்கில வழி தவிர, ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தெலுங்கு வழி வகுப்புகளும் இருந்தன. ஆகவே நூலகத்தில் மூன்று வரவுப் பதிவேடுகள். புத்தகம் வந்ததும் அதில் ஒரு எண் கொடுத்து எழுத வேண்டும். மூன்று பதிவேட்டிலும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆங்கிலப் புத்தகத்துக்கு வெறும் எண். தமிழ்ப் புத்தகத்துக்கு எண்ணுக்கு முன்னால் 'த'. தெலுங்குக்குத் 'தெ'. த 47 என்பது ஒரு புத்தகம், தெ 47 என்பது வேறொரு புத்தகம். நடுவில் ஒரு ஒற்றைக் கொம்புதான் வித்தியாசம். எனக்கு முன்னால் இருந்த நூலகர் வகுத்த முறை அது. அழகான முறை என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

நூலக உதவியாளர் ரமணம்மா. ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வருவார். கணவர் இல்லை. வீட்டில் தெலுங்கு. தெலுங்கு படிப்பார், தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. ஆனால் எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எத்தனையாவது என்று அவருக்குத் தெரியும். நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே புத்தகத்தோடு வந்து நிற்பார். என் வேலை அரசு சம்பளம், நிரந்தரம். அவருடையது பள்ளி நிர்வாகம் தன் கையிலிருந்து கொடுக்கும் வேலை, தற்காலிகம். பதினொரு வருஷமாகத் தற்காலிகம். நூலகச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று அவர் முந்தானையில்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, அந்தச் சமயத்தில் நிர்வாக அலுவலராக தனபால் வந்தார். தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருபத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தவே மாட்டார். பியூன் முதல் தலைமையாசிரியர் வரை எல்லோரையும் அய்யா, அம்மா என்றுதான் கூப்பிடுவார். மேஜை மேல் ஒரு முனை சிவப்பும் ஒரு முனை நீலமுமாக ஒரு பென்சில் இருக்கும். எந்தக் காகிதம் போனாலும் முதலில் கூட்டுத்தொகையைப் பார்ப்பார். சரியாக இருந்தால் நீலத்தில் ஒரு புள்ளி. இல்லாவிட்டால் பென்சிலைத் திருப்புவார். 

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "வேறுபாடுன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு எதிர்ல ஒரு பேர் இருக்கணும் அய்யா." ஸ்டோர்ஸில் ஒரு போல்ட் குறைந்தாலும் அதற்கு எதிரே ஒருவர் பெயரை எழுதாமல் அவர் வீட்டுக்குப் போனதில்லையாம். நாங்கள் அதைப் பெரிய நிர்வாகத் திறமை என்று பேசிக்கொண்டோம்.

அவருடைய பழைய கம்பெனி, தான் கழித்துவிட்ட பார்கோடு ஸ்கேனர்களில் ஒன்றைப் பள்ளிக்குக் கொடுத்தது. கைப்பிடியும் விசையுமாக இருக்கும். பசங்கள் அதைத் துப்பாக்கி என்பார்கள். கூடவே ஒரு நூலக மென்பொருளும் வாங்கினார்கள். அதில் புத்தக எண் என்ற கட்டத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஐந்து இலக்கமும் மட்டும்தான் ஏறும். 'த' ஏறாது. என்ன செய்வது என்று தனபாலிடம் கேட்டேன். "மொதல் எழுத்தப் போடுங்க, அவ்வளவுதான்" என்றார்.

ஆங்கிலப் பதிவேட்டையும் தமிழ்ப் பதிவேட்டையும் நான் நூலகக் கணினியில் ஏற்றினேன். ஆங்கிலத்துக்கு E, தமிழுக்கு T. தெலுங்கு எனக்குப் படிக்க வராது. அந்தப் பதிவேட்டைக் கணினி ஆசிரியர் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஏற்றினார். அவரிடம் நான் சொன்னதும் அதேதான்: முதல் எழுத்தைப் போடுங்கள். முடித்ததும் ஒரு சிடியில் கொண்டுவந்து என் கணினியில் சேர்த்தார். நடுவில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெட்டி எழும்பியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் ஓகேயை அழுத்தினார். நிறைய எழுத்தோடு எது எழும்பினாலும் ஓகேயை அழுத்துவதுதான் எங்களுக்குத் தெரிந்த கணினிக் கல்வி.

பார்கோடு ஒட்டிகள் இரண்டு கணினியிலும் தனித்தனியாக அச்சாயின. ஒட்டியது முழுக்க ரமணம்மா. புத்தகத்தின் பின்னட்டையில், முதுகிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒட்டி, கிழியாமல் இருக்க மேலே கண்ணாடி டேப். டேப் பளபளப்பதால் ஸ்கேனரை நேராகப் பிடித்தால் படிக்காது. கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. கண்டுபிடித்தபோது ரொம்பப் பெருமையாக இருந்தது.

தெலுங்குப் புத்தகத்தில் T என்று பார்த்தேன். தெலுங்கு, T, சரி. தமிழ்ப் புத்தகத்தில் T என்று பார்த்தேன். தமிழ், T, சரி. தனித்தனியாக இரண்டும் சரியாகவே இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் புத்திக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் இருப்புச் சரிபார்ப்பு. புத்தகம் கடன் கொடுப்பது அதுவரை பழைய அட்டை முறையில்தான் நடந்தது. ஆகவே ஸ்கேனருக்கு இதுதான் முதல் வேலை. வயர் நீளம் போதாது. ரமணம்மா அலமாரியிலிருந்து கை நிறையப் புத்தகங்களைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்து வைப்பார். நான் ஒவ்வொன்றாகச் சாய்த்து விசையை அழுத்துவேன். கீக் என்று சத்தம் வரும். அடுத்தது. என் கண் புத்தகத்தில். எதிரே நிற்கும் அவர் கண் திரையில். ஆங்கிலம், தமிழ் முடிந்து நாலாவது நாள் கடைசியாகத் தெலுங்கு அலமாரிக்கு வந்தோம். கொஞ்ச நேரம் கழித்து ரமணம்மா சொன்னார்.

"சார், இந்த ரேக்குக்கு வந்ததுலருந்து கீழ செவப்பா இன்னாவோ எழுத்து வந்துகினே இருக்குது."

நான் தலையைத் தூக்கவில்லை. "சத்தம் வருதுல்ல? அது போதும்" என்றேன்.

அந்தச் சத்தம், ஸ்கேனர் கோட்டைப் படித்துவிட்டது என்பதற்கு. கணினி ஏற்றுக்கொண்டது என்பதற்கு இல்லை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது. தெரியாதது தப்பில்லை. தலையைத் தூக்காததுதான் தப்பு. அரை நொடி வேலை அது.

முடிவில் கணினி சொன்னது: சரிபார்த்தவை 3,945. மூன்று பதிவேடுகளின் கூட்டுத்தொகை 4,557. தனபால் காகிதத்தில் கழித்தார். 612. பென்சிலைத் திருப்பினார்.

காணாமல் போனவற்றின் பட்டியலை எடுங்கள் என்றார். எடுத்தேன். வெறும் தாள் வந்தது. மேலே பள்ளியின் பெயர், கீழே பதிவுகள் இல்லை என்று ஒரு வரி. பிரிண்டர் சரியில்லை என்றேன். மறுபடி எடுத்தேன். மறுபடியும் வெறும் தாள். பட்டியல் வராவிட்டால் பரவாயில்லை, எண்ணிக்கை இருக்கிறதே என்றார் தனபால். இரண்டு நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். அறிக்கை அதற்குள் தயாராக வேண்டும்.

ரமணம்மாவைக் கூப்பிட்டார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகம் குறைகிறது என்று தனபால் அவருக்கே உரிய மரியாதையோடு சொன்னார். ரமணம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழவில்லை. கேட்டார்.

"எந்த பொஸ்தகம் சார் காணோம்? ஒண்ணே ஒண்ணு பேரு சொல்லுங்க. போய் எடுத்தாறேன்."

யாராலும் ஒரு பெயர் சொல்ல முடியவில்லை. அறுநூறு புத்தகம் காணவில்லை, ஆனால் எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று ஒரு சின்னப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. தோன்றியதை வாயைத் திறந்து சொல்லவில்லை.

"கம்ப்யூட்டர் சொல்லுதும்மா" என்றார் தனபால்.

ஒரு நாள் கொடுத்தால் தானே கையால் எண்ணிக் காட்டுவதாக ரமணம்மா சொன்னார். கையால் எண்ணுவது தப்பாகிறது என்றுதானே இயந்திரம் வாங்கினோம் என்றார் தனபால். ரமணம்மா என் பக்கம் திரும்பி நின்றார். நான் ஸ்கேனரின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் வெளியே போனதும் தனபால் அறிக்கையை என் பக்கம் நகர்த்தினார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, பொறுப்பு.

"சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கு. ஆனா ரெண்டு பேர் எழுதக்கூடாது. ஒரு பேர்தான் எழுதணும். நீங்களே எழுதுங்க அய்யா."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவசரப்படுத்தவில்லை. அவர் அவசரப்படுத்தியிருந்தால், மிரட்டினார், எழுதினேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சௌகரியத்தையும் அவர் எனக்குக் கொடுக்கவில்லை. எனக்கு இரண்டு பெண்கள், நிரந்தர வேலை, கடைசியில் பென்ஷன். எழுதினேன். ரமணம்மா, நூலக உதவியாளர். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பேர். பிறகு அதையே கணினியிலும் ஏற்றினேன்: வேறுபாடு 612, பொறுப்பு ரமணம்மா.

மறுநாள் காலை ரயிலில் வந்தவரிடம் இனி வரவேண்டாம் என்று சொன்னார்கள். போலீஸ், வழக்கு எதுவும் இல்லை, பெரிய மனசு பண்ணி விட்டுவிடுகிறோம் என்றார்கள். முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பள்ளி திறந்ததும், புத்தகங்களைக் கவரைப்பேட்டையில் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டாராம் என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. ஆரம்பாக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் அதை ஊர்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நான் அந்தப் பேச்சில் சேரவில்லை, மறுக்கவும் இல்லை. அதை ஒரு நியாயம் என்றுகூடக் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் போனது. தமிழ்ப் புத்தகங்களின் தலைப்புகளை நான் அடித்த எழுத்துரு அந்த மென்பொருளில் கோழி கிளறியதுபோலத்தான் தெரியும். ஒரு விடுமுறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் திருப்பி அடித்தேன். அதன் பிறகுதான் கடன் கொடுப்பதையும் ஸ்கேனருக்கு மாற்றினோம். முதல் வாரமே தெலுங்கு வழி ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். ஸ்கேன் செய்தேன். கீக். திரையில் காய்கறித் தோட்டம் போடுவது பற்றிய தமிழ்ப் புத்தகத்தின் பெயர் வந்தது. திரும்ப அழுத்தினேன். அதே தோட்டம். ஒட்டியில் T00047. தமிழ் அலமாரிக்குப் போய் த 47ஐ எடுத்துத் திருப்பினேன். T00047.

இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரே எண் இரண்டு முறை வந்ததால், சிடியை ஏற்றியபோதே கணினி தெலுங்குப் பதிவேடு முழுவதையும் ஏற்காமல் தள்ளிவிட்டிருக்கிறது. ஓகே அழுத்திய பெட்டி சொன்னது அதைத்தான். தெலுங்குப் புத்தகங்களை ஸ்கேன் செய்தபோது, இந்த எண் ஏற்கெனவே எண்ணப்பட்டது என்று சிவப்பில் சொல்லியிருக்கிறது. ரமணம்மா பார்த்தது அதைத்தான். கணினிக்குத் தெரியாத புத்தகத்தைக் காணவில்லை என்று கணினி எப்படிப் பட்டியல் போடும்? அதனால்தான் வெறும் தாள்.

பிள்ளைகள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தெலுங்கு அலமாரியை எண்ணினேன். வெளியே கடனில் இருந்த ஏழையும் சேர்த்து 612. மறுபடி எண்ணினேன். மூன்றாவது முறையும் எண்ணினேன். மூன்றாவது முறை ஏன் எண்ணினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டாவது குறையாதா, ரமணம்மா மேலும் ஒரு துளி தப்பு இருந்துவிடாதா என்ற ஆசைதான். ஒன்றுகூடக் குறையவில்லை. பதினொரு வருஷத்தில் ஒரு புத்தகத்தைக்கூட அவர் தொலைத்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கம் போனேன். ரமணம்மா அப்போது தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒற்றைக் கொம்பு, T, சிவப்பு வரி, எல்லாம். 

"பொஸ்தகம் அங்கயேதான் கீதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார். அத சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார். பிறகு, "கம்பெனில தெனமும் வெளிய வர்றப்போ பையத் தொறந்து காட்டணும். எல்லாரும் காட்றாங்க, நானும் காட்றேன். ஆனா எங்க ஊருக்காரங்க வரிசைல நின்னா, என் பைய மட்டும் எட்டிப் பாக்கறாங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். 

"நீங்க எழுதனீங்களே ஒரு பேப்பரு, அதுல இப்போ இன்னா எழுதிகிது?"

"அப்படியேதான் இருக்கு" என்றேன்.

"அத அடிச்சிட்டு வாங்க சார். அப்பால பேசிக்கலாம்."

திங்கட்கிழமை தனபாலிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. அறிக்கை அலுவலகம் போய், ஆய்வு முடிந்து, கணக்கு மூடியாகிவிட்டது என்றார். இப்போது திறந்தால் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரைக் கேட்பார்கள் என்றார். "ஒண்ணு நான். நான் இங்க சம்பளத்துக்கு இல்ல. இன்னொண்ணு நீங்க. உங்களுக்கு இன்னும் எத்தன வருஷம் சர்வீஸ் இருக்கு அய்யா?"

அவர் ஒரு தாளை எடுத்து வழி எழுதிக் கொடுத்தார். அந்த 612 புத்தகங்களையும் புது வரவாக ஏற்றிவிட வேண்டும். எழுத்து இந்த முறை T இல்லை, L. வந்த வகை, நன்கொடை. கொடுத்தவர் என்ற கட்டத்தில், பெயர் சொல்ல விரும்பாதவர். தாளின் ஓரத்தில் நீலப் புள்ளி வைத்தார்.

அப்படியே செய்தேன். புது ஒட்டிகளை நானே ஒட்டினேன். டேப்பையும் நானே ஒட்டினேன். ஆக, கணக்கில் ரமணம்மா 612 தெலுங்குப் புத்தகங்களைத் தொலைத்தார். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் சரியாக 612 தெலுங்குப் புத்தகங்களைத் தானம் செய்தார். எத்தனையோ பேர் ஆய்வுக்கு வந்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. நான் மறுபடி ஆரம்பாக்கம் போகவில்லை. ரயிலில் அந்தப் பக்கம் போகும்போது, ஸ்டேஷன் வந்தால் பேப்பரை விரித்துக்கொள்வேன். ரமணம்மா இருக்கிறாரா இல்லையா என்றுகூட இன்றுவரை விசாரித்ததில்லை.

இவ்வளவையும் எழுதி வைத்திருந்தேன். நேற்று கீர்த்தனா மறுபடி கூப்பிட்டாள். கட்டுரைக்காக இல்லை, வேறு ஒரு சந்தேகம்.

"பழைய டேட்டாவ புதுசுக்கு மாத்திகினு இருக்கோம் சார். ஒரு எடத்துல மட்டும் நிக்குது. அறுநூத்திப் பன்னெண்டு வேறுபாடுன்னு இருக்கு, ஆனா எந்த புக்குன்னு லிஸ்ட் இல்ல. புதுசுல ஏதாவது ஒரு நிலை குடுத்தாத்தான் மேல போவுது. தொலைந்தது, பழுது, கழித்தது, திரும்பக் கிடைத்தது, நாலுதான் இருக்கு. திரும்பக் கிடைத்ததுன்னு போட்டுடட்டா சார்?"

"தொலையவே இல்லன்னு போட எடம் இருக்காம்மா?"

அவள் சிரித்தாள். "அப்படி ஒண்ணு இல்ல சார்."

"அதுக்குப் பக்கத்துல ஒரு பேர் இருக்கும் பாரு."

"ஆமா சார். பொறுப்பு, ரமணம்மான்னு இருக்கு. யார் சார் இவங்க?"

"அந்தப் பேர் தப்பு. அத எடுத்துட்டு அங்க என் பேரப் போடு. ஜமால், நூலகர்னு போடு."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"முடியல சார். பழசப் பூட்டிட்டாங்க, இனிமே படிக்க மட்டும்தான் முடியும். புதுசுல பொறுப்புன்னு ஒரு கட்டமே இல்ல" என்றாள். பிறகு, "அப்போ திரும்பக் கிடைத்ததுன்னே போட்டுடறேன் சார்" என்றாள்.

போட்டுவிட்டாள். எனக்கே கேட்டது, கீபோர்டில் ஒரு தட்டு.